டேஸ்ட் குழுவைக் கேட்பவர்களும் கிதாரில் வாசித்துப் பார்ப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் கார்க் நகரில் 1966-இல் கிதார் கலைஞர் ரோரி கேலஹர் தொடங்கிய டேஸ்ட் என்ற ப்ளூஸ்-ராக் குழு, 1970 முடிவதோடு கலைந்துவிட்டது. ‘ரோரியின் ஆரம்பகாலக் குழு’ என்று ஒரே வரியில் அதைக் கடந்துபோவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

பெயர் ஒன்று, குழுக்கள் இரண்டு. கார்க்கில் தொடங்கியபோது பேஸ் வாசித்தவர் எரிக் கிட்டரிங்ஹாம், டிரம்ஸ் நார்மன் டேமரி. 1968-இல் அவர்களுக்குப் பதிலாக பேஸுக்கு ரிச்சர்ட் மெக்கிராக்கனும் டிரம்ஸுக்கு ஜான் வில்சனும் வந்தார்கள். ‘டேஸ்ட்’ (1969), ‘ஆன் த போர்ட்ஸ்’ (1970) ஆல்பங்கள் இரண்டும் ரோரியோடு சேர்த்து இந்த மூவரின் உழைப்பு. பழைய மூவரின் 1967 பதிவுகள் குழு கலைந்து சில வருடம் கழித்துத்தான் இசைத்தட்டாயின. நேரலை ஆல்பங்களும் பிறகு வந்தவையே. ஆகவே வெளியான ஆண்டை விட்டுவிட்டு, பதிவான ஆண்டை வைத்து அடுக்கிக் கேளுங்கள்.

1968 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் என்ற பிரிட்டிஷ் ராக் மூவர் குழுவின் விடைபெறும் கச்சேரிக்கு முன்னால் வாசித்ததாலோ என்னவோ, ‘க்ரீமின் நகல்’ என்ற முத்திரை இவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. ‘ஆன் த போர்ட்ஸ்’ கேட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. அதில் வரும் ஆல்டோ சாக்ஸபோனை வாசிப்பது விருந்தினர் யாரும் இல்லை, ரோரியேதான். கிதாரை மட்டும் துரத்தாமல் வில்சனின் ஜாஸ் கையையும் கவனியுங்கள்.

1970 ஆகஸ்ட் ஐல் ஆஃப் வைட் விழாதான் கடைசிக் கச்சேரி என்பதும் தவறு. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் வாசித்தார்கள்.

வாசிக்கிறவர்கள் சறுக்குவது தொனியில். ரோரியின் கிதாரில் கேட்கும் அந்த உறுமலுக்காக டிஸ்டார்ஷன் பெடல் வாங்காதீர்கள். அது பிறப்பது வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பின் வால்வுகளில். அவருடைய 1961 ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாருக்கும் அந்த ஆம்ப்புக்கும் நடுவே இருந்தது டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், அதாவது மேல்சுருதியைப் பெருக்கும் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். நுழைவிலுள்ள சிறிய கெப்பாசிட்டர் அடிநாதத்தை வடிகட்ட, மேல்சுருதி பெருகி ஆம்ப்பை முட்டும். அதனால்தான் ஆம்ப்பின் நார்மல் சேனலில் செருக வேண்டும். பிரைட் சேனலில் காதைக் கிழிக்கும். கிதாருக்கும் ரேஞ்ச்மாஸ்டருக்கும் இடையே பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் எதுவும் வேண்டாம். வைத்தால் கிதாரின் வால்யூமைக் குறைத்துத் தெளிந்த ஒலிக்கு வரும் வசதி போய், ஒலியும் கரகரக்கும்.

இன்னொன்று: ரேஞ்ச்மாஸ்டரின் பழைய வடிவத்தில் பாசிட்டிவ்தான் கிரவுண்ட்; வழக்கமான பெடல்களில் நெகட்டிவ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும். தனியாக 9 வோல்ட் பேட்டரி போடுங்கள்.