சவர்க்காரத் தண்ணீர், டோர்ச், ஒரு பேனை: வீட்டுத் தீயைத் தடுக்கும் சனிக்கிழமை வேலை

பெரியம்மா மோர்மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தபோது படலையில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. "இந்தா வாறன்" என்று போனவர், ஓராவா விளைமீனா என்று விலை பேசி முடித்துத் திரும்புவதற்குள் தாச்சியில் நெருப்பு எழும்பி யன்னல் திரைச்சீலையைப் பிடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையும் சுவரின் வெள்ளையும் போனதோடு சரி. அடுப்பு எரிந்ததில் பிழை இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை, அதுதான் பிழை. கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தக் கதைதான் வேறு வேறு வேஷத்தில் வரும்.

வீட்டில் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். கழற்றவும் வேண்டாம். சவர்க்காரம் கரைத்த தண்ணீர் ஒரு கோப்பை, டோர்ச், பேனை, கடதாசி. இரண்டு மணித்தியாலம் காணும்.

படி 1: குசினி

சிலிண்டரில் தொடங்குங்கள். 2021 கடைசியில் இலங்கை முழுக்க காஸ் வெடிப்புச் செய்திகள் வந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் எல்லார் கையிலும் சவர்க்கார நுரைதான். இப்போது யாரும் பார்ப்பதில்லை. அடுப்பை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து விட்டு, ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் குழாயின் இரண்டு முனைகளிலும் நுரையைத் தடவுங்கள். குமிழி பெருத்துக்கொண்டே வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தாலோ விறைத்திருந்தாலோ மாற்றுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தேங்கும். அதனால்தான் அடியில் காற்றோட்டம் இல்லாத அலுமாரிக்குள் சிலிண்டரைப் பூட்டி வைக்கக் கூடாது. மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு யன்னலைத் திறங்கள், வெளியே போங்கள். லைற்றையோ காற்றாடியையோ போடவும் வேண்டாம், நூர்க்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் வரும் சிறு பொறியே போதும். போனை வெளியே போய் எடுங்கள்.

இனித் தாச்சி. அடுப்படியில் தாச்சியை முழுதாக மூடக்கூடிய ஒரு மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். எண்ணெய் பற்றினால் காஸை மூடி, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய்ச் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது அதைவிட மோசம். படலையில் ஆர் கூப்பிட்டாலும் முதலில் அடுப்பை மூடுங்கள். மீன் ஓடிவிடாது.

படி 2: கரண்ட்

பேனையும் கடதாசியும் இங்கேதான். எங்கள் மின்சாரம் 230 வோல்ட். 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்கக்கூடியது 230 × 13, அதாவது ஏறக்குறைய 3000 வாட்ஸ். பழைய வீடுகளில் இருக்கும் சின்ன 5 அம்பியர் உருண்டைப் பிளக் 1150 வாட்ஸ் மட்டும்தான். ஒவ்வொரு சாமானின் அடியிலும் அதன் வாட்ஸ் எழுதியிருக்கும். கேத்தில் 2000, அயன்பெட்டி 1000, சோறு சமைக்கும் குக்கர் 700 என்று வைத்துக்கொண்டால் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொழுவுவது 3700. வயர் உள்ளே சூடேறும், வெளியே ஒன்றும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடி பாவித்தால் இன்னும் கெதியாகச் சூடேறும்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்பார்கள். அது கரண்ட் வெளியே கசிந்தால் விழுவது, ஆளைக் காப்பாற்ற. அளவுக்கு மிஞ்சிய சுமைக்கு விழுவது பக்கத்தில் உள்ள சின்னச் சின்ன பிரேக்கர்கள். இரண்டும் வேண்டும். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை இன்றைக்கு ஒருதரம் அழுத்துங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பழைய பியூஸ் பெட்டி உள்ளவர்கள், அடிக்கடி எரிகிறதே என்று தடித்த செப்புக் கம்பியைக் கட்டியிருக்கிறீர்களா? அது பியூஸே இல்லை.

பிறகு டோர்ச்சோடு ஒவ்வொரு பிளக்காகப் பாருங்கள். மண்ணிறக் கறை, கருகின மணம், "ஸ்ஸ்" என்ற சத்தம் இருந்தால் அதைப் பாவிப்பதை நிற்பாட்டுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் வடிவாகப் பார்க்க வேண்டும், உப்புக்காற்று உள்ளே இருக்கும் தகட்டைத் தின்றுவிடும்.

படி 3: விளக்கும் எண்ணெயும்

சாமியறையில் திரைச்சீலைக்குக் கீழே விளக்கு வைக்காதீர்கள். ஒரு தட்டில் மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். நுளம்புத்திரியும் அப்படித்தான், கட்டிலுக்குக் கீழே போகக் கூடாது.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். உயரமான போத்தல் இலேசில் சரியும், சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். வைத்தியர் விஜய கொடகும்புர, இப்படி எரிந்து வருகிறவர்களைப் பார்த்தே, கட்டையும் பாரமுமான, பக்கங்கள் தட்டையான, திருகு மூடி போட்ட போத்தல் விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கரண்ட் போகிற நாளுக்கு ரீசார்ஜ் லைற்தான் நல்லது, குப்பி விளக்குத்தான் என்றால் அந்த மாதிரி ஒன்றைத் தேடுங்கள். 2022 தட்டுப்பாட்டில் கானில் சேர்த்த பெற்றோல் இன்னும் வீட்டுக்குள் இருந்தால் இன்றைக்கே அகற்றுங்கள். மண்ணெண்ணெய்க் கானும் பெற்றோல் கானும் ஒரே நிறத்தில் இருப்பது போல ஆபத்து வேறில்லை.

படி 4: வளவு

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் குப்பை கொளுத்தவே வேண்டாம். ஒரு பொறி கிடுகு வேலியில் விழுந்தால் நெருப்பு பக்கத்து வீடு வரை போகும். காவோலையையும் சருகையும் வாழைக்கடியில் தாட்டுவிடுங்கள், பசளையும் ஆயிற்று.

படி 5: திறப்பு

எங்கள் வீடுகளில் இரவானால் கிறில் கதவுக்கு ஆமைப்பூட்டுப் போடுவோம். கள்ளனுக்குப் பயந்து திறப்பை ஒளித்தும் வைப்போம். புகை நிறைந்த இருட்டில் அதைத் தேட நேரம் இருக்காது. கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கையெட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். பக்கத்துச் சுவரில் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு, தவழ்ந்தபடி படுக்கையறையிலிருந்து அந்த ஆணிவரை போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல்முறை செய்தபோது என் மகளுக்கு ஆணி எட்டவில்லை. இப்போது அது அவளுடைய தோள் உயரத்தில் இருக்கிறது.