இரட்டை எஸ்யு கார்புரேட்டர்: திராட்டில் இணைப்பில் செய்யக்கூடாத தவறுகள்

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் திராட்டில் இணைப்பில் (பெடலையும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடுகளையும் இணைக்கும் அமைப்பு) விட்டுவைக்கும்படி தொழிற்சாலைக் கையேடு சொல்லும் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மி.மீ. அந்த இடைவெளியைத் தேய்மானம் என்று எண்ணி இல்லாமல் செய்துவிடுவதுதான் இந்தக் காரில் நான் காணும் மிகப் பெரிய தவறு. லேசான ஆட்டம் கையில் தட்டுப்பட்டதும், "லூசாக இருக்கிறது" என்று முறுக்கி விடுகிறார்கள். அதோடு எஞ்சின் தன் அமைதியை இழந்துவிடுகிறது.

1962-இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கிய இந்தக் காரில் 1798 சிசி எஞ்சினின் இடப்பக்கம் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு எஸ்யு ஹெச்எஸ்4 கார்புரேட்டர்கள் அருகருகே இருக்கின்றன. பெடலிலிருந்து வரும் கேபிள் இந்த இரண்டையும் நேரடியாக இழுப்பதில்லை. நடுவிலுள்ள ஓர் இணைப்புத் தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டில் இரண்டு லீவர்கள் உண்டு. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முளை. அந்த முளை கார்புரேட்டரின் திராட்டில் தண்டிலுள்ள கவைக்குள் நுழைந்து, கீழ்க் கரையை அழுத்தித் திராட்டிலைத் திறக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது முளை கவையைத் தொடவே கூடாது. அப்போதுதான் இரண்டு கார்புரேட்டர்களும் அவரவர் ஐடிலிங் ஸ்குரூவின்மேல் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை நிர்ணயிக்கும் திருகு) சுதந்திரமாக உட்காரும்.

இடைவெளியை அடைத்துவிட்டால், ஒரு கார்புரேட்டர் தன் ஸ்குரூவில் நிற்கும், மற்றொன்றை இணைப்புத் தண்டு தூக்கிப் பிடித்திருக்கும். பிறகு அந்த ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் வேகம் இறங்காது. ஒருமுறை பெடலை மிதித்து விட்டால் ஐடிலிங் ஓர் அளவில் நிற்கும், அடுத்த முறை வேறோர் அளவில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு மிக்சரில் (காற்று-பெட்ரோல் கலவையில்) கை வைப்பவர்கள் இன்னும் ஆழமாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இல்லாமல் விடுவதும் இதே அளவுக்குக் கெடுதல். ஒரு திராட்டில் முந்தித் திறக்கும், மற்றது பிந்தித் திறக்கும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வண்டி வெடுக் வெடுக்கென்று இழுப்பதற்கு இது போதும். வேகமாகப் போகும்போது இந்த வேறுபாடு தெரியாது என்பதால் பலர் கிளட்ச்சைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டு கார்புரேட்டர்களின் காற்றோட்டத்தைச் சமன்செய்யும்போது இணைப்புத் தண்டின் கவ்வும் போல்ட்டுகளைத் தளர்த்தாமலே தொடங்குவது அடுத்த தவறு. இரண்டும் பிணைந்திருக்கும்போது ஒரு ஸ்குரூவைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து அசையும். காற்றோட்ட அளவுமானி காட்டும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. முதலில் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். ஐடிலிங் ஸ்குரூ இரண்டையும் அவற்றின் நிறுத்தத்தைத் தொடாத அளவுக்கு வெளியே திருப்பி, பிறகு மெல்லத் தொடும்வரை உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே கொண்டுவந்து எஞ்சினைச் சூடாக்குங்கள். ஏர் கிளீனர்களைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டாலே "உஸ்" என்ற ஒலியின் ஏற்ற இறக்கம் புரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்வரை ஸ்குரூக்களைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும்.

அதன் பிறகே இணைப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டு, இணைப்புத் தண்டின் மேற்பக்க நிறுத்தத்துக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே 0.012 அங்குல ஃபீலர் கேஜைச் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகுங்கள். லீவரைக் கீழே இறக்கி, முளை கவையின் கீழ்க் கரையில் மெல்லப் படும்படி வைத்துப் போல்ட்டை இறுக்குங்கள். "மெல்ல" என்பதை அழுத்திச் சொல்கிறேன். விரலால் அழுத்திக்கொண்டே இறுக்கினால் திராட்டில் சற்றே திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். மறுபக்கத்துக்கும் இதையே செய்துவிட்டுக் கேஜை உருவினால், இரண்டு முளைகளும் கவைக்குள் எதையும் தொடாமல் நிற்கும். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். போல்ட்டை இறுக்கும் கடைசிக் கால் திருப்பில் லீவர் நகர்ந்துவிடுவது வழக்கம்.

இத்தனைக்கும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. வால்வு இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிறகு தீப்பொறியின் டைமிங். இவை சரியில்லாத எஞ்சினில் இணைப்பைத் தொடுவது வீண் உழைப்பு. பெடலை மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்துத் தடுமாறினால், கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து டேம்பரில் (கார்புரேட்டர் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் பகுதி) எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றினால் தீர்ந்துவிடும் குறைக்கு லீவரைத் திருகுபவர்கள் நிறையப் பேர். திராட்டில் தண்டு மேலும் கீழும் ஆடினால் அதன் ஓரமாகக் காற்று கசிகிறது என்று பொருள். எந்த அட்ஜஸ்ட்மெண்டும் அதைக் குணப்படுத்தாது. புதுத் தண்டும், தேவையானால் அது சுழலும் புது புஷ்ஷும் (உறை) போட்டே ஆக வேண்டும்.

கேபிளுக்கு வருவோம். பெடல் ஓய்வில் இருக்கும்போது கேபிளில் இம்மியளவு தளர்ச்சி வேண்டும். அதை விறைப்பாக இழுத்துக் கட்டினால் முளைக்கு விட்டுவைத்த இடைவெளி இங்கே தொலைந்துபோகும். மாறாக, அதிகத் தளர்ச்சி விட்டால் திராட்டில் முழுதாகத் திறக்காது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவரைப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, திராட்டில் தகடு முழுதாகக் கிடைமட்டமாகத் திரும்புகிறதா என்று நீங்கள் பாருங்கள். கையால் லீவரை இழுத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் பெடலுக்கு அடியில் புதிதாகப் போட்ட தடித்த கார்ப்பெட் பாதி வழியிலேயே தடுத்துக்கொண்டிருக்கலாம். எஞ்சினில் சக்தி இல்லை என்று கார்புரேட்டரைக் கழற்றும்முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கேபிளின் நுனியைப் பிடிக்கும் சிறிய போல்ட்டை ஒரே ஸ்பானரால் இறுக்காதீர்கள். கம்பி முறுக்கிக்கொண்டு இழைகள் அறுபடும். அறுந்த ஓர் இழை வெளிக்குழாயின் விளிம்பில் முள்போல் குத்தி நின்றால், காலை எடுத்தாலும் திராட்டில் மூடாது. ஓடும் காரில் இது உயிருக்கு ஆபத்து. ஓர் இழை பிரிந்திருப்பதைக் கண்டாலும் கேபிளை மாற்றிவிடுங்கள், நறுக்கிவிட்டு ஓட்ட வேண்டாம். திராட்டில் மெதுவாக மூடுகிறது என்பதற்காக இன்னும் வலுவான ஸ்பிரிங்கை மாட்டுவதும் இந்த வகைத் தவறுதான். சிக்கல் எங்கே என்று தெரியாமலே போய்விடும். கூடுதல் இழுவை தண்டையும் அலுமினிய உடலிலுள்ள துளையையும் விரைவில் தேய்க்கும். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு திராட்டிலையும் விரலால் திறந்து மூடினால் உரசும் இடம் தானாகப் பிடிபடும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை முழுதாக உள்ளே தள்ளிய பிறகு, சோக்கை இழுக்கும்போது ஐடிலிங்கை உயர்த்தும் வேக ஐடிலிங் ஸ்குரூவுக்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திராட்டிலைத் தூக்கிப் பிடித்திருப்பது சோக்தான், இணைப்பு அல்ல.

எல்லாவற்றையும் சரிபார்த்தும் ஐடிலிங் இறங்கவில்லை என்றால் திராட்டில் தகட்டின்மேல் ஒரு கண் வையுங்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிற்காலக் கார்புரேட்டர்களில் அந்தத் தகட்டிலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய வால்வைப் பொருத்தியிருந்தார்கள். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால், தகடு மூடியிருந்தாலும் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வால்வு இல்லாத வெறும் தகட்டை வாங்கிப் போடுவது பலரும் கையாளும் தீர்வு. அதைப் பொருத்தும்போது, தகட்டைத் துளைக்குள் முழுதாக மூடி நடுவில் அமர்த்திய பிறகே அதன் இரண்டு ஸ்குரூக்களையும் இறுக்க வேண்டும்.