காயலான் கடையில் நம் வீட்டுக் கார்: மீட்பதா, விடுவதா?

பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வண்டிகளுக்கு நடுவில், ஒரு காலத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் கிடக்கிறது. அப்பா ஓட்டியதோ, தாத்தா ஆசைப்பட்டு வாங்கியதோ, நீங்களே கிளட்ச் மிதித்துப் பழகியதோ. பார்த்த நிமிடமே நெஞ்சை அடைக்கும், கை தானாகப் பணத்தை எடுக்கும். எடுக்காதீர்கள். கடைக்காரரிடம் சின்ன முன்பணம் கொடுத்து, பத்து நாள் நசுக்காமல், எந்தப் பாகத்தையும் கழற்றி விற்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுக்கப் பத்து நாள் போதும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. அப்பா விற்றுப் பதினாறு வருடம் கழித்து அவருடைய கார் இப்படி ஓர் இடத்தில் கண்ணில் பட்டது. பின்கதவின் உள்பக்கம் தங்கை ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரில் பாதி அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை, காருக்கு அடியில் தளம் இருக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன், அந்தக் காரோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத, வண்டி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெக்கானிக்கைவிட டிங்கர் வேலை செய்பவர் கிடைத்தால் நல்லது. இங்கே முடிவைச் சொல்லப்போவது இன்ஜின் இல்லை, தகரம்.

போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். இந்தக் காரை நினைத்தால் என்னென்ன ஞாபகம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், தொட்டோ கேட்டோ முகர்ந்தோ பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். ஸ்டியரிங்கில் தேய்ந்த இடம், சீட்டின் வாசனை, டிக்கி மூடும் சத்தம், சைக்கிளை மோதி வந்த நெளிவு, இப்படி. ஏன் என்றால், முழுசாகப் புதுப்பிக்கிற வேலை இதில் பாதியை அழித்துவிடும். சீட் துணி மாறும், வாசனை போகும், அந்த நெளிவை டிங்கர் தட்டிச் சமமாக்கி மேலே பெயிண்டும் அடித்துவிடுவார். கடைசியில் வெளியே வருவது அதே மாடலில் பளபளவென்று ஒரு கார். அது நம் கார்தானா என்று உங்களுக்கே கொஞ்சம் விலகல் தட்டும். உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் கழற்றி எடுக்கக்கூடிய பொருட்கள் என்றால் முழுக் காரையும் மீட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். ‘மறுபடி அதை ஓட்டவேண்டும், என் பிள்ளைகள் அந்தப் பின்சீட்டில் உட்காரவேண்டும்’ என்று எழுதியிருந்தால் கணக்கு வேறு, மேற்கொண்டு படியுங்கள்.

சரி, முதலில் இது அதே கார்தானா என்று உறுதி செய்யுங்கள். நிறமும் மாடலும் ஒன்றாக இருந்தாலே மனசு நம்பிவிடும். சேசிஸ் எண்ணைத் தேடுங்கள், பானெட்டுக்குக் கீழே இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரிலோ, சீட்டுக்கு அடியில் தளத்திலோ, சேசிஸ் சட்டத்திலோ அடித்திருப்பார்கள். அமெரிக்காவில் 1981 முதல் அந்த எண் எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் என்று முறைப்படுத்தப்பட்டது, மற்ற நாடுகளில் அது வந்த காலம் வேறுபடும். அதற்கு முந்தைய வண்டிகளில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், சிறியதாகவே இருக்கும். பழைய பதிவுத் தாளோ காப்பீட்டுத் தாளோ வீட்டில் இருந்தால் ஒப்பிட்டுவிடலாம்.

எண் சரியாக இருந்தால் அடுத்த வேலை பதிவு அலுவலகத்தில். பல நாடுகளில் ஒரு வண்டியை ‘உடைப்பதற்குக் கொடுத்துவிட்டேன்’ என்று ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்காது. இந்த ஒன்றைக் கேட்காமல் ஒரு நட்டுகூடக் கழற்றாதீர்கள். அப்புறம் இன்னொன்று: இந்தக் காரின் எண்ணை வெட்டி எடுத்து, நல்ல நிலையில் இருக்கும் வேறு காரில் ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது குற்றம். எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இப்போது தகரத்துக்கு வருவோம், இங்கேதான் பொறுமை வேண்டும். டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு திருப்புளி, இழுத்து அளக்கும் டேப், படுக்க ஒரு சாக்கு, இவ்வளவு போதும். பெயிண்டைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். வெளியே மட்கார்டில் தெரியும் துரு பெரும்பாலும் சுலபமான துரு, அந்தத் தகரத்தைக் கழற்றி வேறு மாட்டலாம். பயப்படவேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடத்துத் துருவுக்கு: கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், மிதியடிக்கு அடியில் தளம், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் வந்து சேரும் இடங்கள், கதவுக் கீல் பிடித்திருக்கும் தூண், முன்கண்ணாடியின் கீழ் ஓரம், ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்றும், பட்டி தொத்தென்றும் சொல்லும்.

திருப்புளியின் கைப்பிடியால் அந்தக் கீழ்ப் பெட்டியை நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நான் கூட்டிக்கொண்டு போன டிங்கர் அண்ணன் அப்படித் தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார், திருப்புளியைத் திருப்பி முனையால் லேசாக அழுத்தினார். பலமே இல்லாமல் அது உள்ளே போனது, பழுப்பு நிறத்தில் தூள் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. வெளியே பெயிண்ட் மட்டும் தகரம் மாதிரி நின்றிருக்கிறது. அவர் எதுவும் பேசவில்லை, அந்தத் தூளை என் கையில் போட்டார்.

அந்தக் கீழ்ப் பெட்டி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரண்டு வகைக் கார்கள் உண்டு. ஒன்றில் கீழே தனியாகக் கனமான சேசிஸ் சட்டம் இருக்கும், மேலே பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். சட்டம் நன்றாக இருந்தால் மேலே உள்ளதை எப்படியும் சரிக்கட்டலாம். இன்னொன்றில் சட்டமே கிடையாது, தளமும் அந்தப் பெட்டியும் தூண்களும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அதில் இரண்டு பக்கமும் பெட்டி உளுத்துப்போயிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள், ஆடுவது கீலா தூணா என்று தெரியும். கதவின் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும், அல்லது அதற்கு மாறாகவும் இருந்தால் பாடி உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட காரில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு வைத்து நிலைநிறுத்திய பிறகுதான் பழைய தகரத்தை வெட்டவேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போதே கோணிக்கொள்ளும். இதைச் சரியாகச் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கமாட்டார்கள்.

அடிபட்ட காரா என்று பார்க்க, முன் இடப்பக்கச் சஸ்பென்ஷன் போல்ட்டிலிருந்து பின் வலப்பக்கத்துக்கும், முன் வலத்திலிருந்து பின் இடத்துக்கும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவரவேண்டும். வெள்ளத்தில் நின்ற காரா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரிந்துவிடும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். தீப்பிடித்த கார் என்றால் விட்டுவிடுங்கள், வெந்த தகரமும் ஸ்பிரிங்கும் பழைய பலத்துக்கு வராது.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கழற்றி ரீபோர் பண்ணலாம் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது), வேறு இன்ஜின்கூட வைக்கலாம், பெரும்பாலும் வழி இருக்கிறது. ஜாம் ஆகியிருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கிரான்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து முரட்டுத்தனமாகச் சுற்றினால் மிச்சம் இருப்பதும் கெடும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சுற்றுகிற இன்ஜின் என்றால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் தரும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்காவது காட்டினால் நம்பிக்கை வைக்கலாம். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வைத்து மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், பிசின் மாதிரி ஆகி எல்லாவற்றையும் அடைக்கும்.

பிரேக் முழுவதும் புதிதாகத்தான் போடவேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் வாஷர், ஹோஸ் எதையும் நம்பக்கூடாது. டயரும் அப்படித்தான். 2000-க்குப் பிறகு செய்த டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயசான டயர் வயசான டயர்தான். பழைய கார்களின் பிரேக் ஷூவிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

பலரை நடுவழியில் நிறுத்துவது சின்னச் சின்னப் பொருட்கள்தான். பிஸ்டனும் பேரிங்கும் அளவு சொன்னால் எங்கிருந்தாவது வந்துவிடும். வளைந்த முன்கண்ணாடி, பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பீடிங், அந்த வருடத்துக்கு மட்டும் வந்த குரோம் பட்டை, இதெல்லாம் காணாமல் போயிருந்தால் வருடக்கணக்கில் தேடவேண்டியிருக்கும். அதனால் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று எண்ணி எழுதுங்கள். எந்த மாடல் என்பதும் ரொம்ப முக்கியம். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 2003 வரை தயாராகி 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் விற்ற கார், அதற்குப் பாகம் கிடைப்பது பெரிய கவலை இல்லை. எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு பாடியையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் புதிதாகச் செய்து தருகிறது. கொஞ்ச நாள் மட்டும் வந்து நின்றுபோன மாடல் என்றால், துரு குறைவாக இருந்தாலும் அதுதான் கஷ்டமான கார்.

இனி கணக்கு. டிங்கர் வேலை, பெயிண்ட், இன்ஜின், பிரேக், வயரிங், சீட், கண்ணாடி, குரோம் பூச்சு, இழுத்து வரும் செலவு, நிறுத்திவைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் வேலை செய்பவரையே கேட்டு எழுதி, கூட்டி, அதை இரண்டால் பெருக்குங்கள். தகரத்தை வெட்டிய பிறகுதான் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும், அதற்காகத்தான் இந்த இரண்டு மடங்கு. அந்தத் தொகை திரும்பி வராது, விற்றால் பாதிகூடக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, அப்படியும் வீட்டில் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் செலவழிக்க முடியுமா என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். பணத்தைவிட நேரம் இன்னும் கடினம். மழை படாத இடம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த போல்ட் எங்கே என்று மறந்து, அட்டைப்பெட்டிகளில் அப்படியே நின்றுபோன கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே வேதனையாக இருக்கும். ஒரு பகுதியைக் கழற்றி, போட்டோ எடுத்து, பையில் பெயர் எழுதி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

முழுசாகப் புதுப்பிப்பதும் கைவிடுவதும் மட்டும்தான் வழி என்று இல்லை. தகரம் நல்லபடியாக இருந்தால் பிரேக், டயர், பெட்ரோல் லைன், வயரிங் மட்டும் பத்திரமான நிலைக்குக் கொண்டுவந்து, துருவை நிறுத்தி, பழைய பெயிண்டையும் நெளிவையும் சீட்டையும் அப்படியே விட்டு ஓட்டலாம். பாசத்துக்காக எடுக்கிற காருக்கு இதுதான் சரியான வேலை என்பது என் கருத்து. செலவும் குறையும், பட்டியலில் எழுதியதும் மிஞ்சும்.

எங்கள் காருக்கு அந்த வழியும் இல்லை. கீழ்ப் பெட்டி இரண்டு பக்கமும் போயிருந்தது, பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடமும் உளுத்திருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. ஸ்டியரிங், டேஷ்போர்டு கடிகாரம், கியர் நாப், ஸ்டிக்கர் ஒட்டிய கதவு அட்டை, இவற்றுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்டேன். பாகங்களை மட்டும் எடுப்பதாக இருந்தால் நசுக்கும் இயந்திரம் என்றைக்கு வரும் என்று கடைக்காரரிடம் கேட்டு, அதற்கு நாலு நாள் முன்னாலேயே போங்கள். கதவு அட்டையை இழுக்காமல், கிளிப் இருக்கும் இடம் பார்த்து, தட்டையான எதையாவது விட்டு நெம்புங்கள், பழைய அட்டை சட்டென்று கிழியும்.

இரண்டு வருடம் கழித்து அதே மாடலில் தகரம் உறுதியான ஒரு கார் கிடைத்தது. அப்பாவின் காரை முழுசாக மீட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. ஸ்டியரிங் மாற்றும்போது தண்டின் பற்கள் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மாட்டவேண்டும், எங்களுக்கு ஒத்துப்போனது. கதவு அட்டைக்கு இரண்டு கிளிப் மட்டும் புதிதாகப் போட்டேன். அந்த அரைப் பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் இப்போது தங்கை மகள் ஒரு மீன் ஒட்டியிருக்கிறாள்.