குருத்து ஞாயிறன்றே தொடங்குங்கள்: மண்ணுக்குச் சுமையாகாத ஈஸ்டர்

சில ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டர் காலையில் பங்குக் கோயில் வளாகத்தைப் பெருக்கும் முறை, பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான எங்கள் அன்பியத்துக்கு வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான திருவிழிப்பில் மெழுகுதிரிக்குக் கீழே பிடித்திருந்த காகிதக் குவளைகள் மட்டுமே இரண்டு சாக்கு நிறைந்தன. மெழுகும் உட்புறப் பிளாஸ்டிக் பூச்சும் ஒட்டிக் கிடந்ததால் அவற்றை எருக்குழியிலும் போட முடியவில்லை, பழைய பொருள் வாங்குபவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக மாற்றிப் பார்த்ததில் நாங்கள் கற்றது இதுதான்: புனித சனிக்கிழமை மாலையில் கடைக்கு ஓடினால் பிளாஸ்டிக்தான் கைக்கு வரும், ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினால், தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் விளைவதைக் கொண்டே பெருவிழாவை நிறைவாகக் கொண்டாடலாம்.

முதல் வேலை, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிற்றின் பவனிக்கு ஓலை. தென்னைக்கும் பனைக்கும் வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான் என்பதால், அந்தக் குருத்தை அடியோடு வெட்டினால் மரமே பட்டுப்போகும். ஆகவே மரம் ஏறுபவரிடம் நடுக்குருத்தை விட்டுவிட்டு, அதை அடுத்து விரிந்த இளம் ஓலையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மட்டையின் கீற்றுகளைப் பிரித்தாலே பல குடும்பங்களுக்குப் போதும். பவனி முடிந்ததும் ஓலையைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கான சாம்பல் அதிலிருந்துதான் வரவேண்டும்.

அதே ஞாயிறு மாலையில் பீட அலங்காரத்துக்கான முளைப்பாரியைப் போட்டுவிடுங்கள். வாய் அகன்ற மண்சட்டியில் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, ஓர் இரவு ஊறவைத்த பச்சைப்பயறு, கொள்ளு, கேழ்வரகு ஆகியவற்றை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, காலையும் மாலையும் கையால் நீர் தெளித்தால் போதும். இருட்டில் வைத்தால் முளை வெளிறி மஞ்சளாகும் என்பதால் வெளிச்சம் படும் திண்ணையில் வையுங்கள். விதை மண்ணில் விழுந்து மடிவதை இயேசு தம் சாவுக்கு உவமையாகச் சொல்லியிருக்க, உயிர்ப்பு நாளில் பீடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புல்விரிப்பைப் போடுவது எனக்கு என்றுமே பொருந்தியதில்லை. விழா முடிந்தபின் முளைகள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். மலர்களுக்கும் பஞ்சமில்லை, உள்ளூர்ச் சாமந்தியும் ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் இருக்கையில் தெர்மாகோல் வளைவு தேவையில்லை.

மெழுகுதிரிக் குவளைக்கு நாங்கள் கண்ட மாற்று கொட்டாங்குச்சி. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும். கண்ணுள்ள பாதியை எடுத்து, அந்தக் கண்ணை ஆணியால் குத்தித் திறந்து, துளையை மெழுகுதிரியின் பருமனுக்குச் சற்றே பெரிதாக்கி, திரியைக் கீழிருந்து செருகிப் பிடித்தால், சொட்டும் மெழுகு முழுவதும் ஓட்டுக்குள்ளேயே விழும். வெளிநாரைச் சுரண்டிவிட்டால் பிள்ளைகளும் பிடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு இரண்டு மூன்று என்று தவக்காலம் முழுவதும் சேர்த்தால் பங்குக்கே போதும், அடுத்த ஆண்டுக்கும் உதவும்.

திருவிழிப்பின் தொடக்கத்தில் ஏற்றும் புதுத் தீயை மாமரம், புளியமரத்தின் உதிர்ந்த சுள்ளிகளாலும் தேங்காய் மட்டையாலும் மூட்டுங்கள். டயரோ பிளாஸ்டிக்கோ அதில் சேரவே கூடாது. திருவிழிப்பில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது பட்டாசு வெடிப்பதையும் விட்டுவிட வேண்டுகிறேன். பெரிய வியாழன் முதல் மௌனமாக இருந்த மணிகள் மீண்டும் ஒலிக்கும் நேரம் அது. வெடிச்சத்தம் அந்த மணியோசையைத்தான் மூழ்கடிக்கிறது. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில்தான் வரும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் புல் காய்ந்து கிடக்கும் அந்த நாள்களில் ஒரு பொறியே ஒரு குன்றைக் கருக்கிவிடக்கூடும்.

விருந்தில் அளவுதான் முக்கியம். உண்ணும் அளவுக்கே சமைப்பதைப் படைப்பைப் பேணும் அன்றாடச் செயல்களுள் ஒன்றாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் குறிப்பிட்டிருக்கிறார். எனவே வருவோரை முன்கூட்டியே எண்ணிக்கொண்டு உலை வையுங்கள். கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் நம் ஊரின் விருந்துதான். நெல்லைவிடக் குறைந்த நீரில் விளையும் தானியம் அது. வாழையிலை அல்லது மந்தாரைத் தையல் இலையில் பரிமாறி, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தட்டு, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி ஆகியவை 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. கை கழுவும் இடத்தைத் தென்னை மரத்தடியில் அமைத்தால், கோடை நாளில் அந்த நீரும் வீணாகாது.

பிள்ளைகள் வண்ண முட்டை கேட்டால் சாயப்பொடி வாங்க வேண்டாம். இரண்டு கைப்பிடி வெங்காயத் தோலை இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். வெள்ளை முட்டையின் மேல் நனைத்த கொத்தமல்லி இலை ஒன்றை ஒட்டி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு கரண்டி வினிகர் சேர்த்த அந்த நீரில் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறும்வரை அதிலேயே விடுங்கள். துணியை அவிழ்த்தால் செம்பழுப்பு ஓட்டில் இலையின் வடிவம் வெளிறித் தெரியும். அன்றே உரித்துச் சாப்பிட்டுவிட வேண்டும்.

திங்கட்கிழமை கொட்டாங்குச்சிகளில் இறுகிய மெழுகைப் பெயர்த்துச் சேருங்கள். அதை ஒரு தகர டப்பாவில் போட்டு, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். முறுக்கிய பருத்தி நூலை நடுவில் நிறுத்தி, கண் திறக்காத பாதிக் கொட்டாங்குச்சியில் ஊற்றி ஆறவிட்டால் விளக்கு தயார். நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளன்று அவற்றைத்தான் எங்கள் முன்னோரின் கல்லறைகளில் ஏற்றுகிறோம்.