ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்தால் கண் போய்விடுமா? ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகள்

செங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புளியரை, பண்பொழிப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்து பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசிக்கொண்டும் வருவார்கள். சர்க்கரை ரிப்போர்ட் என்றால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். 'ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால் மட்டும் அங்கேயே போனை எடுத்துத் தேட ஆரம்பித்து, பஸ் ஏறுவதற்குள் லூபஸ், கிட்னி, கண் என்று எல்லாவற்றையும் பறிகொடுத்த முகத்தோடு நிற்பார்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர். எல்லாம் நெகட்டிவ், அப்போ கண் மங்குவது வயசுக் கோளாறுதான் என்று நிம்மதியாகப் போய்விடும். நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்தத் தாள்கள் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது தெரியும். இந்த இரண்டு கூட்டமுமே தாளைப் பார்த்துக் கண்ணைக் கோட்டைவிடுகிற கூட்டம்தான்.

முதலில் அடிப்படை. கிருமி உள்ளே வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பு ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. சிலருக்கு இந்த ஆன்டிபாடி சொந்த உடம்பின் திசுக்களையே பிடிக்கும். புளியரை செக்போஸ்டில் வெளி லாரிகளை விட்டுவிட்டு நம்ம டவுன் பஸ்ஸை ஓரங்கட்டிச் சோதனை போடுகிற மாதிரி. அதைத்தான் ஆட்டோ ஆன்டிபாடி என்கிறோம். முடக்குவாதம், லூபஸ், தைராய்டு, கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரென் என்று பல நாள்பட்ட நோய்களில் இது உண்டு, அவற்றில் பல கண்ணையும் தொடும்.

சரி, ஏஎன்ஏவுக்கு வருவோம். நம் அணுக்களின் கருவைப் பிடிக்கிற ஆட்டோ ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சல்லடைச் சோதனை இது, நோயின் பெயர் இல்லை. எந்த நோயும் இல்லாதவர்களிடம் இதைச் செய்து பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 1997இல் வந்தது. 1:40 அளவில், அதாவது ரத்தச் சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தபோது, சுமார் 32 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ், 1:80இல் 13 சதவீதம், 1:160இல் 5 சதவீதம். அதாவது நல்ல ஆரோக்கியமான மூன்று பேரை நிற்க வைத்தால் ஒருவருக்கு லேசான பாசிட்டிவ் வரலாம். மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, முடி கொட்டுதல், சிறுநீரில் புரதம் என்று எதுவும் இல்லாத ஒருவருக்கு 1:80 என்று வந்ததை வைத்து 'எனக்கு லூபஸ்' என்று முடிவு கட்டுவது தவறு. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டரும் அப்படித்தான். காசநோயிலும், ஹெபடைடிஸ் சி-யிலும், சும்மா வயதானாலும்கூட அது ஏறும்.

நெகட்டிவை நம்புவது இதைவிட மோசம். விகேஹெச் என்று ஒரு நோய் இருக்கிறது, நம்மைப் போல நிறமுள்ள தோல்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். தலைவலி, காதில் இரைச்சல், அப்புறம் இரண்டு கண்ணும் சில நாட்களில் மங்கல். பிற்பாடு இமை முடி நரைக்கும், தோலில் வெள்ளை விழும். உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் நிறமி அணுக்களைத் தாக்குவதால் வருவது, ஆனால் எந்த ஆன்டிபாடி சோதனையிலும் அது சிக்காது. கண்ணைப் பார்த்து, விழித்திரையை ஸ்கேன் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சீக்கிரம் போதிய அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் பார்வை பெரும்பாலும் திரும்பும். 'எல்லா டெஸ்டும் நார்மல்தானே' என்று இரண்டு மாதம் தள்ளினால் அதே நோய் நாள்பட்டதாக மாறிவிடும். முடக்குவாதம் உள்ளவர்களிலேயே ஒரு பங்கினருக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்காது.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது குழந்தைகள் விஷயம். ஒரு அக்கா ஆறு வயசுப் பெண்ணைக் கூட்டி வந்தார். முழங்கால் வீக்கம், எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டில் ஏஎன்ஏ பாசிட்டிவ். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லியும் சீட்டில் எழுதியிருந்தது. "கண்ணு பளிச்சுன்னுதானே இருக்கு தம்பி, வலிக்குதுன்னுகூட சொல்லல, அங்க எதுக்குப் போகணும்?" என்று கேட்டார். அந்தப் பளிச்சென்ற கண்தான் சிக்கல். குழந்தைகளுக்கு வரும் மூட்டு வாதத்தில், குறிப்பாக ஏழு வயதுக்குள் ஆரம்பித்து ஏஎன்ஏவும் பாசிட்டிவாக இருந்தால், கண்ணுக்குள் யுவியைடிஸ் என்ற அழற்சி சத்தமில்லாமல் ஓடும். சிவக்காது, வலிக்காது, குழந்தையும் சொல்லாது, ஏனென்றால் மங்கலாகத் தெரிவதுதான் அதற்கு வழக்கமாகிவிட்டிருக்கும். பள்ளியில் போர்டு தெரியவில்லை என்று டீச்சர் சொல்கிற கட்டத்தில் உள்ளே கண்புரையும் கண் அழுத்தமும் வந்திருக்கும், கருவிழியில் வெள்ளைப் பட்டைகூடப் படிந்திருக்கும். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் முகவாயை வைத்துப் பார்த்தால்தான் உள்ளே மிதக்கும் அணுக்கள் தெரியும். அதனால்தான் முதல் சில வருடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று இதை நிறுத்தக்கூடாது, கண்ணுக்கும் காலுக்கும் ஒரே நேர அட்டவணை கிடையாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பதும் இதற்குப் போதாது.

அடுத்தது நேரம் சம்பந்தப்பட்டது. ஒரு கண், சில நாட்களில், அசைத்தால் வலியோடு மங்குகிறது, சிவப்பு நிறம் வெளிறிப்போன மாதிரி தெரிகிறது என்றால் அது பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். இதில் என்எம்ஓ என்ற வகை கொஞ்சம் முரட்டுத்தனமானது. இதற்கான ஆன்டிபாடியை 2004இல் கண்டுபிடித்தார்கள், அது பிடிப்பது ஏக்யூபி4 என்ற நீர்க்கால்வாய்ப் புரதத்தை என்று அடுத்த வருடம் தெரிந்தது. அதற்கு முன் இதை, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் எம்எஸ் நோயின் ஒரு வகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எம்எஸ்ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் இதில் நோயை மோசமாக்கவே செய்யும், அதனால் இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வது அவசியம். சிலருக்குப் பார்வைக்கு முன்பே நிற்காத விக்கலும் வாந்தியும் வரும், கேஸ் மாத்திரை தின்றே நாளைக் கடத்திவிடுவார்கள். காரணமில்லாத விக்கல் நாள்கணக்கில் இருந்து, பிறகு கண்ணும் மங்கினால் இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொன்னால் யாருக்கும் முடிச்சு தெரியாது.

இந்த டெஸ்டில் எங்கள் தரப்பு விஷயம் இரண்டு உண்டு. செல் அடிப்படையிலான முறையில் செய்தால்தான் நம்பகம், எலைசா முறையில் தவறான விடை வரும் வாய்ப்பு அதிகம். எந்த முறை என்று ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். இரண்டாவது, பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை செய்த பிறகு ரத்தம் எடுத்தால் ஆன்டிபாடி வடிந்துபோயிருக்கும், நெகட்டிவ் என்று வரலாம். அதற்கு முன்பே எடுக்க வேண்டும். இது எங்கள் ஊரில் செய்கிற டெஸ்ட் இல்லை, ரத்தம் வெளியூருக்குப் போய் ரிப்போர்ட் வர நாள் ஆகும். ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். டாக்டர் ஸ்டீராய்டு ஊசியை இப்போதே ஆரம்பிக்கலாம் என்றால் ஆரம்பிப்பதுதான் சரி, தாமதமான ஒவ்வொரு நாளும் நரம்பில்தான் கழியும்.

ஸ்டீராய்டைப் பற்றி இரண்டு எதிரெதிர் தவறுகள். ஒன்று பயம். முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிடுவது. வாரக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்துப் பழகிய பிறகு உடம்பின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம்கூட வரும், கண் அழற்சியும் திரும்ப எகிறும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று அசட்டுத் துணிச்சல். போன வருடம் வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் இருக்கிறது, கண் சிவந்தால் இரண்டு சொட்டு. ஸ்டீராய்டு சொட்டு எந்தச் சிவப்பையும் முதலில் குறைத்துக்காட்டும், அதனால் எல்லோருக்கும் அது 'கைகண்ட மருந்து'. நம்ம பக்கம் நெல், தென்னை, கமுகு. அறுவடையில் தாள் குத்தியோ ஓலை உரசியோ கருவிழியில் கீறல் விழுந்தால் பூஞ்சைப் புண் வருவது தென் தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்து விட்ட கதைதான், கருவிழி உருகிப்போகும். புண் இல்லாதவர்களுக்கும் மாதக்கணக்கில் விட்டால் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறும், அது வலிக்காமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்னும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் பீய்ச்சுவது எல்லாம்கூட இதே கணக்குதான், ஆறாத புண்ணில் போய் எதையும் விடாதீர்கள்.

எச்சிக்யூ மாத்திரை, அதாவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் ரொம்ப நல்ல மருந்து, 'கண்ணைக் கெடுக்கும் மாத்திரை' என்ற பெயர் மட்டும் கெட்ட பெயர். உண்மை இரண்டுக்கும் நடுவில். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால் முதல் பத்து வருடத்தில் விழித்திரை பாதிப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. இருபது வருடம் தாண்டினால் ஏறக்குறைய 20 சதவீதம். இந்தப் பக்கம் 45 கிலோ எடையுள்ள பெண்கள் நிறைய. அவர்களுக்கு வரம்பு 225 மில்லிகிராம், தினமும் 400 போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். தானாக நிறுத்த வேண்டாம், எடையைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் அளவை மாற்றி அவர்கள் சரிசெய்வார்கள். ஆரம்பித்த முதல் வருடத்தில் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம். கிட்னி கோளாறு இருந்தாலோ மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் எடுத்தாலோ ஐந்து வருடம் காத்திருக்கக்கூடாது. பாதிப்பு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் போன பார்வை திரும்பாது, அதனால்தான் தெரியாதபோதே பார்ப்பது.

தைராய்டுக்காரர்கள் செய்வது வேறு. டிஎஸ்ஹெச் நார்மல் வந்துவிட்டது, அப்புறம் ஏன் கண் பிதுங்குகிறது என்று குழம்புவார்கள். ஹார்மோன் அளவும் கண்ணைத் தாக்கும் ஆன்டிபாடியும் ஒன்றல்ல. அது கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் கொழுப்பையும் வீங்க வைக்கும், ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கும்போதும். இரட்டையாகத் தெரிதல், தூங்கும்போது இமை மூடாமல் இருத்தல், நிறம் வெளிறுதல் இருந்தால் உடனே போங்கள். பீடி, சிகரெட் இதில் நேரடி எதிரி, இதை மட்டும் எந்த டாக்டரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாக் கண் அழற்சியும் ஆட்டோ ஆன்டிபாடி வேலை என்று நினைப்பதும் தவறுதான். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்தது. அடுத்த சில மாதங்களில் யுவியைடிஸோடு கூட்டங்கூட்டமாக ஆட்கள் வந்தார்கள், அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் அதன் பின்னால் இருந்தது எலிக்காய்ச்சல் கிருமி என்று கண்டுபிடித்தார்கள். காய்ச்சல் போய் மாதங்கள் கழித்துக் கண்ணில் எதிர்ப்பு கிளம்பும். அதனால் வயலில் இறங்கி வேலை செய்பவர் என்றால், மழைக்காலத்தில் காய்ச்சல் வந்திருந்தால், அதைச் சொல்லிவிடுங்கள். காசநோயும் இப்படித்தான் வேடம் போடும், எதிர்ப்பைக் குறைக்கும் பெரிய ஊசிகளை ஆரம்பிக்கும் முன் டிபி சோதனை கேட்பது அதற்குத்தான். 'பணம் பிடுங்க டெஸ்ட் எழுதுகிறார்கள்' என்று அந்த ஒன்றை மட்டும் தவிர்க்காதீர்கள்.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடிகள், லேகியங்கள். எதிர்ப்பு ஏற்கெனவே எகிறித்தான் கண்ணைத் தாக்குகிறது, அதை இன்னும் கூட்டி என்ன செய்யப் போகிறோம்? சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சண்டை இன்னும் முடிந்தபாடில்லை. நான் வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் எண்ணெய்த் தாரைக்குப் போய் வலி குறைந்து வந்தவர்களை எனக்கும் தெரியும். ஆனால் பெயர் ஒட்டாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல இடங்களில் சோதனையில் வந்திருக்கிறது. சாப்பிட்ட மூன்றாம் நாளே துள்ளிக்கொண்டு நடந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, எல்லையில் இருப்பவர்களுக்கே உள்ள ஒன்று. வாதத்துக்குத் திருவனந்தபுரம், கண்ணுக்குத் திருநெல்வேலி அல்லது மதுரை, காய்ச்சலுக்கு உள்ளூர் டாக்டர் என்று மூன்று இடத்தில் பார்ப்போம். மூன்று பேருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. ஒருவர் எழுதிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில், இன்னொருவர் எழுதியது வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. மாத்திரைப் பட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பட்டைகளை வெட்டித் தனி மாத்திரையாகக் கொண்டு போகாமல், பெயர் தெரிகிற மாதிரி முழுப் பட்டையாக ஒரு கவரில் போட்டு, பழைய ஏஎன்ஏ ரிப்போர்ட், கண் டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் அதிலேயே வைத்து எந்த ஊர் டாக்டர் மேசையிலும் அப்படியே கொட்டுங்கள்.