வளரும் பூனைக்குட்டிக்குப் புரதம்: பாக்கெட்டில் பார்க்க வேண்டியதும், கறி வேகவைக்கும்போது செய்யக் கூடாததும்

போன ஐப்பசி மழையில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு பூனைக்குட்டி வந்து ஒண்டியது. ஏழு வாரக் குட்டி. வழக்கம்போல பால்சோறுதான் வைத்தோம், ஆசையாகத் தின்றது. மூன்று வாரம் கழித்துத் தடவிப் பார்த்தால் வயிறு உப்பியிருக்கிறது, முதுகெலும்பு விரலில் தட்டுகிறது. கழிச்சலும் நிற்கவில்லை. டாக்டர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோத்தை நிறுத்துங்க. இது கறி தின்னு வளர வேண்டிய உயிரு" என்றார். அன்றிலிருந்து நான் செய்து பார்த்துச் சரிவந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தராசு வாங்குங்கள். 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். ஸ்பிரிங் தராசு வேண்டவே வேண்டாம், குட்டி அசைந்தால் முள்ளும் ஆடும். அகலமான போணியை வைத்துப் பூஜ்யமாக்கி, குட்டியை உள்ளே உட்காரவையுங்கள். இந்த வயதில் வாரம் 100 கிராம் வாக்கில் ஏற வேண்டும். ஒரு வாரம் ஏறாமல் நின்றாலே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து, உணவுப் பாக்கெட். 'கிட்டன்' என்றும் 'கம்ப்ளீட்' என்றும் இரண்டு வார்த்தையும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும்தான், அதையே முழுச் சாப்பாடாக வைக்கக் கூடாது.

இனி புரதக் கணக்கு. நான் தடுமாறியது இங்கேதான். உலர் உணவில் புரதம் 32% என்று இருந்தது, ஈர பவுச்சில் 9%. பவுச்சில் சத்தே இல்லை என்று முடிவுகட்டி, வாங்கியதை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அது தப்பு. பச்சைச் சாளையையும் சாளைக் கருவாட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மீன் ஒன்றுதான், தண்ணீர் போனதால் ஒரு கிலோ கருவாட்டில் புரதம் கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பவுச்சில் ஈரப்பதம் 82% என்றால் மிச்சம் 18. புரதம் 9-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 50%. உலர் உணவில் ஈரம் 10%, மிச்சம் 90. 32-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35.5%. அமெரிக்காவில் கால்நடை, செல்லப்பிராணி உணவுக்கு அளவு வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோல்படி, இப்படித் தண்ணீர் கழித்த கணக்கில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 30% வேண்டும், பெரிய பூனைக்கு 26%. இரண்டு பாக்கெட்டுமே தேறிவிட்டன.

புரதம் தேறினால் மட்டும் போதாது, உணவில் டாரின் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது கறியிலும் மீனிலும் இருக்கும் ஒரு அமினோ அமிலச் சத்து. பூனையின் உடம்பு தனக்கு வேண்டிய அளவு டாரினைத் தானே செய்துகொள்ளாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். 1987-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா (டேவிஸ்) பல்கலைக்கழகத்தில் பியான் குழுவினர் இதயம் தளர்வதற்கு டாரின் குறைவே காரணம் என்று கண்டுபிடித்தபோது, நோயுற்ற பூனைகள் தின்றுகொண்டிருந்தது கடையில் விற்ற உணவுதான். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அதற்கப்புறம்தான் கம்பெனிகள் அளவைக் கூட்டின. உலர் உணவில் 0.1%, டப்பா உணவில் 0.2% என்பது இன்றைய குறைந்தபட்சக் கணக்கு, இதுவும் தண்ணீர் கழித்துத்தான்.

கோழிக்கறி கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். டாரின் தண்ணீரில் கரையும். நான் நெஞ்சுக்கறியை வேகவைத்து, வெந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெள்ளைச் சக்கையை மட்டும் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கறி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், உப்பு கிடையாது, வெங்காயம் பூண்டு கண்டிப்பாகக் கிடையாது, அவை பூனைக்கு விஷம். வெந்த தண்ணீரையும் கறியோடு சேர்த்தே வைக்கிறேன். நெஞ்சைவிடத் தொடைக்கறியில் டாரின் அதிகம், இதயத்தில் இன்னும் அதிகம். கடையில், "அண்ணாச்சி, ஈரலோட கிடக்கிற அந்தக் குட்டி ஹார்ட்டை மட்டும் தனியா எடுத்துத் தாங்க" என்றால் எடுத்துத் தருகிறார்.

ஆனாலும் கறியையே முழுச் சாப்பாடாக ஆக்கிவிடாதீர்கள். எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் எலும்பு மெலிந்து, மேலேயிருந்து குதித்தாலே ஒடியும். எங்கள் வீட்டில் பத்தில் ஒன்பது பங்கு குட்டி உணவு, ஒரு பங்கு கறி. ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். மீன் பச்சையாகக் கொடுக்கலாமா? வேண்டாம். சில மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினை அழிக்கும். வேகவைத்தால் நொதி போய்விடும், முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் நாயும் இருக்கிறது, அதன் உணவையே வைக்கலாமா? கூடாது. நாய் டாரினைத் தானே செய்துகொள்ளும் என்பதால் அதன் உணவில் டாரின் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் நாய்க்கு முற்றத்திலும் பூனைக்கு ஜன்னல் திண்டிலும் தட்டு வைக்கிறார்கள், ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று வாய் வைப்பதில்லை.