ஜன்னலுக்குக் கிரில் போடுவதற்கு முன்: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

கடலூரில் வீடு கட்டியபோது பதினொரு ஜன்னல்கள் வைத்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிரில் போதும் என்று பட்டறையில் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றைக் கழற்றி மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று, ஒன்றுக்கு கிரில்லே தேவைப்படவில்லை. சுவருக்குப் பூச்சு முடிந்திருக்கிறது, ஜன்னல் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: வெளியே போய் நின்று பாருங்கள்

தரைத்தளத்தில் யோசிக்கவே வேண்டாம், எல்லா ஜன்னலுக்கும் கம்பி வேண்டும். மாடியில்தான் கணக்கு. சன்ஷேடு, மதில், தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டுப் படிக்கட்டு என்று கால் வைக்க ஏதாவது இருந்தால் கிரில் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் திருடன் ஏற முடியுமா என்ற கேள்வியே வேண்டாம். கட்டிலோ நாற்காலியோ பக்கத்தில் கிடக்கும் ஜன்னல் எதுவானாலும் கிரில் போட்டுவிடுங்கள்.

பலர் மறப்பது குளியலறை வென்டிலேட்டர். சரிவாக அடுக்கிய கண்ணாடிகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக உருவிவிடலாம். அங்கே நான்கு கம்பியாவது இருக்கட்டும்.

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் இருப்பது திறக்கவே முடியாத கண்ணாடி. கீழே கால் வைக்கவும் இடமில்லை. அதற்குக் கிரில் வேண்டாம் என்றதும், "கம்பியில்லாமல் ஒரு ஜன்னலா?" என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. இப்போது பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கேதான் உட்காருகிறார்.

படி 2: கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். பழைய மர ஜன்னலில் சட்டத்திலேயே கம்பி இருக்கும், கதவு வெளியே திறக்கும், கம்பிக்கு நடுவே கையை விட்டுக் கொக்கியை மாட்டிவிடலாம். எங்கள் படுக்கையறைகளில் வைத்தது வெளிப்பக்கம் திறக்கும் யுபிவிசி, அதாவது கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல். கிரில் உள்பக்கம்தான் வர முடியும். வந்தது. மாட்டிய அன்று மாலை காற்றுக்காகத் திறக்கப் போனால் கைப்பிடி பாதி திரும்பி நின்றுவிட்டது. கிரில்லின் நடுக் குறுக்குப்பட்டை சரியாகக் கைப்பிடியின் உயரத்தில் வந்திருந்தது. போதாக்குறைக்கு, கிரில்லுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு அங்குலம்தான் இடைவெளி. கைப்பிடியோ அதைவிட அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டையை அறுத்து அரை அடி மேலே ஏற்றி, கிரில்லை உள்ளே தள்ளி இரண்டரை அங்குல இடைவெளி விட்ட பிறகுதான் சரியானது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு அட்டையைப் பட்டை அகலத்துக்கு வெட்டி, கிரில் வரப்போகும் இடத்தில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பிடியை முழுதாகத் திருப்புங்கள், கதவைத் தள்ளி மூடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கொசுவலையையும் இப்போதே யோசியுங்கள். கிரில் மேலேயே வலையை அடித்துவிட்டால் கதவை இழுத்து மூடக் கை போகாது. வெளியே திறக்கும் ஜன்னலுக்கு வலை உள்பக்கம் தனிச் சட்டத்தில் திறக்க வேண்டும். நகரும் கதவு கொண்ட ஜன்னலில் இந்தத் தொல்லை இல்லை. வலைக்குத் தனித் தடம் வைத்து வாங்கலாம், கிரில்லை வெளிப்பக்கம் வைக்கலாம். அப்படி வைத்தால் சுவருக்குள் ஹோல்டுபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டையைப் பதித்து, அதோடு கிரில்லைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெளியே தெரியும் ஸ்க்ரூவைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். ஜன்னல் சட்டத்தில் மட்டும் ஸ்க்ரூ போடுவதை நான் ஏற்பதில்லை. பிடி சுவரில்தான் இருக்க வேண்டும்.

படி 3: அளவு

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் அப்படியே. மூலைவிட்டம் இரண்டும் ஒத்துவராவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இரும்பு டேப்தான் பிடிக்கும்.

படி 4: கம்பியும் விலையும்

12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிலோ, 10 மி.மீ. என்றால் 0.785 கிலோ. நான்கடிக்கு நான்கடி ஜன்னலில் நான்கு அங்குலத்துக்கு ஒரு கம்பி வைத்தால், சட்டத்தோடு சேர்த்துச் சுமார் 18 மீட்டர். முதலாவதில் 20 கிலோ, இரண்டாவதில் 14 கிலோ. சதுர அடிக் கணக்கில் விலை பேசினால் மெல்லிய கம்பி வரும். கிலோக் கணக்கில் பேசினால் கேட்காத பூவேலையெல்லாம் வந்து எடை கூடும். நான் கிலோவுக்குப் பேசி, வரைபடத்தில் கம்பியின் கனத்தை எழுதி வாங்கி, தராசில் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடைவெளி நான்கு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், குழந்தையின் தலை நுழைந்துவிடும்.

படி 5: திறக்கும் கிரில் ஒன்று

தீப்பிடித்தால் கிரில் நம்மையே உள்ளே பூட்டிவிடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கிரில்லில் ஆள் நுழையும் அளவுக்குக் கீல் வைத்த பகுதி இருக்கட்டும். பூட்டு உள்பக்கம். சாவி வெளியிலிருந்து கைக்கு எட்டாத, ஆனால் இருட்டிலும் நாம் தடவி எடுக்கக்கூடிய ஆணியில். மாதம் ஒருமுறை திறந்து எண்ணெய் விடுங்கள். முதல் வருடம் நான் விடவில்லை, பூட்டைச் சுத்தியலால் தட்டித்தான் திறந்தேன்.

வாசலுக்கு

முன்கதவு உள்ளே திறந்தால் கிரில் கேட் வெளியேதான் திறக்கும், அதற்குப் படியில் இடம் இருக்கிறதா பாருங்கள். பூட்டைச் சுற்றி ஒரு தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளியிலிருந்து கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கலாம்.

பெயிண்ட்: மாட்டுவதற்கு முன்பே, பற்றவைத்த இடங்களைத் தேய்த்துவிட்டு, பின்பக்கமும் சேர்த்து பிரைமர் இரண்டு கை. உப்புக்காற்று முதலில் பிடிப்பது பற்றவைத்த இடத்தைத்தான்.

பின்சேர்க்கை: "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா, காந்தம் ஒட்டாவிட்டால் நல்லதுதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். காந்தத்தை நம்பாதீர்கள். மலிவான 202 வகையிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள், கடலோரம் என்றால் 316.

அடுக்குமாடியில் இருப்பவர் ஒருவர் வெளித்தோற்றத்தை மாற்றச் சங்கம் அனுமதிக்கவில்லை என்றார். பால்கனிக்கு மெல்லிய ஸ்டீல் கயிறுகளை நெருக்கமாக இழுத்துக் கட்டும் முறை இருக்கிறது. குழந்தைக்கும் புறாவுக்கும் அது போதும். கம்பி வெட்டும் கருவியோடு வருபவனுக்குப் போதாது.